பதுளையை நானே பிடித்த விதம்

பதுளை,
11.03.2007

அன்புள்ள மருமகன் நிருபனுக்கு,

குணமணி மாமி எழுதுவது. கடவுள் கிருபையால் நான் சுகம். கொழும்பில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஸகீனா என்னைத் தோற்கடித்துவிட்டாள் என்று பஸார் முழுக்கப் பேச்சு. அது தவறு. என்னைத் தோற்கடித்தது நான்தான். அவளால் முடிகிற காரியமா அது? கொன்வென்ற்றில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தோம். பத்து வருடமும் நான் முதலாம் பிள்ளை, அவள் இரண்டாம் பிள்ளை. அந்த ஒழுங்கை உன் விளையாட்டு குலைத்துவிட்டது.

நீயும் முகம் தெரியாத ஜெர்மன்காரரும் பிரேசில்காரரும் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்கிற, யாரும் திறந்து திருத்தலாம் என்கிற அந்தப் போர் விளையாட்டை மார்கழி விடுமுறையில் என் கம்பியூட்டரில் போட்டவன் நீ. "மாமி, திரையில தெரியிறதெல்லாம் என்ர பொறுப்பு. குறை இருந்தா எழுதுங்கோ" என்றாய். எழுதுகிறேன்.

கம்பியூட்டரை நான் குறைவாக நடத்தவில்லை. தினமும் துடைத்து, கொன்வென்ற் தையல் போட்டியில் முதற்பரிசு வாங்கிய என் லேஸ் விரிப்பை அதன் தலையில் போட்டிருக்கிறேன். (ஸகீனாவின் லேஸுக்கு இரண்டாம் பரிசு.)

சனிக்கிழமை நடந்தது இதுதான். ஒருத்தி ஆடும்போது மற்றவள் எழுந்து போய்விட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் என் முறையை முடித்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் கதிரை வெறுமை. ஸகீனா ஆடி முடித்துவிட்டுத்தான் உள்ளறையில் தொழுகிறாள் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவளோ ஆடாமலே தொழப் போயிருந்தாள், அதை எனக்கு யார் சொல்வது, அவள் படை கொழுந்துப் பச்சை, என் படை முற்றிலைப் பச்சை, ஊர்ப்பெயர்களோ எறும்புக்கால் அளவு, ஒரு நகரம் காவலில்லாமல் கிடந்தது, என்ன கவனயீனம் ஸகீனா என்று சிரித்துக்கொண்டே யானைகளை இடப்பக்கமும் குதிரைகளை வலப்பக்கமும் விட்டேன். வாழ்நாளில் நான் அப்படி ஆடியதில்லை! "நிச்சயமாகவா?" என்று பெட்டி கேட்டது. என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? நிச்சயமாக என்று அழுத்தினேன். திரை நிறையப் பெரிய எழுத்து வந்தது: பதுளை வீழ்ந்தது. பதுளை என் தலைநகரம்!

பின்னால் ஸகீனா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லக்கூடாதே?"

"நீ அவ்வளவு சந்தோஷமா ஆடக்குள்ள நான் எப்படிப் புள்ள குறுக்கால பேசுற?"

"இது செல்லாது!"

"யார்ட யானை? என்ட யானை. யார்ட ஊர்? ஒன்ட ஊர். அம்பது வருஷத்துக்குப் பொறகு நான்தான் முதலாம் புள்ள!"

அடுத்த மாதம் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் இதை மேடையில் சொல்லப்போகிறாளாம். நமுனுகுலயிலிருந்து மரக்கறி கொண்டுவருகிறவன்கூட, "பதுளை போயிருச்சாமுல்லங்க, டீச்சரம்மா?" என்று துக்கம் விசாரிக்கிறான்.

ஆகையால் யார் ஆடுகிற முறை என்று திரையில் கொட்டை எழுத்தில் போடு. பச்சையில் ஒன்றைச் சிவப்பாக்கு. உன் மாமா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது, காலைப் பெரட்டில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடாமல் மலைக்கு ஆள் அனுப்பியதில்லை. உன் விளையாட்டில் என் குதிரைவீரன் ஒருவன் மாசி முழுக்கக் காட்டில் சும்மா நின்றிருக்கிறான். அங்கேயும் பெரட்டுக் கூப்பிடு.

உனக்கும் பிரசாந்தினிக்கும் பிள்ளைச் செல்வமும் பெரிய எழுத்துகளும் கிடைக்கப் பிரார்த்திக்கும்,
மாமி குணமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஸகீனா வந்தாள். திரையின் மேல்விளிம்பில் விழுந்து கிடந்த லேஸின் தொங்கலை ஒரு விரலால் தூக்கினாள். கீழே கொட்டை எழுத்தில், "இப்போது ஆடுபவர்: ஸகீனா". பக்கத்தில், சும்மா நிற்கிற படைகளின் பெயர்கள். அதற்கும் பக்கத்தில், நிறம் மாற்றும் பொத்தான்.

"ஒன்ட முதற்பரிசுதான் புள்ள ஒன்னத் தோக்கடிச்சீக்கி" என்றாள்.

லேஸ் எடுக்கப்பட மாட்டாது. எழுத்தை ஒரு சாண் கீழே இறக்கு. வருகிற சனிக்கிழமை மறு ஆட்டம். டெலிபோனில் சமாதானம் சொல்லாமல், எப்போது இறக்குவாய் என்று எழுத்தில் பதில் அனுப்பு.