குழாய்க்கு நான் செய்த ஆயுத பூஜை

ஒரு பொருள் எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டால், அது வேண்டாத பொருள் என்று முடிவு கட்டிவிடுவேன். இது என் பிறவிக் குணம். (மிக்சியின் வாஷர் ஒன்று இப்படித்தான் குப்பைக்குப் போனது.) அந்தக் குணம் என் மகளின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

மைசூர் விஜயநகரில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்த பின் எங்களுக்கு அது முதல் தசரா. ராமாபுரத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். ஆயுத பூஜைக்குக் கார், மோட்டார், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் துலக்கிப் பொட்டு வைப்போம். மாமனார் எதிரில் என் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருந்த இரும்புத் தண்ணீர்க் குழாயையும் துலக்கப் போனேன். அதில் ஒரு பச்சை வயரைப் பட்டி போட்டு இறுக்கியிருந்தார்கள். பக்கத்துக் கேஸ் குழாயிலும் அதே வயர். அது எந்த சுவிட்சுக்கும் போகவில்லை. சுவர் ஓட்டை வழியாக வெளியே போய் மண்ணுக்குள் இறங்கியது. மண்ணுக்குக் கரண்ட் கொடுக்கும் முட்டாள் யார் என்று சிரித்தபடி வெட்டி எடுத்துவிட்டுக் குழாய்களுக்குச் சந்தனம் பூசினேன்.

மறுநாள் காலை மாமனார் சமையலறைக் குழாயில் கை வைத்தார்.

“ஏனுங் மாப்ள, சுருக்குனு புடிக்குதுங்க.”

“வயசானா நரம்பு அப்படித்தாங்க மாமா” என்று நானே குழாயைப் பிடித்துக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. (குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போடுபவன் நான்.) பாவம், அவர் தன் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி செல்வி சில்வர் தட்டோடு குழாயைத் தொட்டாள். தட்டு பறந்தது. சுவரில் போய் மோதி நின்றவள் முதலில் சொன்னது இதுதான்:

“பாப்பா குளிக்கப் போயிருக்காளுங்க!”

குளியலறையிலும் அதே இரும்புக் குழாய். கெய்சர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரத் தரையில் வெறுங்காலோடு என் ஒன்பது வயது மகள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“அப்பா, பக்கெட் தும்பி வழியுது. நல்லிய மூடிட்டு வரேன்!” (பள்ளிக்கூடக் கன்னடம்: தும்பி என்றால் நிரம்பி, நல்லி என்றால் குழாய்.)

“தொடாதே! எதையும் தொடாதே கண்ணு!”

“தண்ணி வேஸ்ட் ஆகுதுப்பா!”

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று தினமும் அவளைத் திட்டியவன் நான்தான். அந்தக் கணம் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. செல்வி கதவோடு ஒட்டி நின்று மகளிடம் பேச்சுக் கொடுத்தாள். நான் வாசலில் இருந்த மெயின் பெட்டிக்கு ஓடினேன். அதற்கும் நேற்றுப் பூஜை செய்திருந்தேனே! எது மெயின் என்ற எழுத்தெல்லாம் சந்தனத்துக்கடியில் கிடந்தது. சாமந்தி மாலையைப் பிய்த்தெறிந்து கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் கீழே தள்ளினேன். வீடு அடங்கியது.

கதவு திறந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். கட்டிப்பிடித்து அழுதது நான். முதுகில் தட்டிக் கொடுத்தது அவள்.

பிறகு வந்த கன்னடக்கார எலக்ட்ரீஷியன், கெய்சரில் கரண்ட் கசிகிறது என்றார்.

“அதோட பிளக்குக்கு எர்த்தே இல்ல சார். கசிஞ்சது எல்லாம் குழாய் வழியா மண்ணுக்குப் போக இங்க ஒந்து பச்சை வயர் இருந்திருக்கு. யாரு கழட்டினது?”

“போன மாசம் வந்த பெயின்டரா இருக்கும்” என்றேன்.

மாமனார் எலக்ட்ரீஷியனை வாசலுக்கு அழைத்துப் போனார். கேட்டில் நான் நிறுத்தியிருந்த வாழைக்கன்றை அந்தப் பச்சை வயர்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

குழாய்க்குப் புதுப் பச்சை வயர், பிளக்குக்கு எர்த், புது கெய்சர், கசிந்தால் தானே அணையும் சுவிட்ச் எல்லாம் அன்றே வந்தன. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் குளியலறைக்குள்ளிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, “அப்பா, நல்லிய தொடலாமா?” என்று கத்துவாள். வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டேதான் தொட்டிக்கடியில் குனிந்து பார்ப்பேன். வயர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான், “தொடு கண்ணு” என்பேன்.