தம்பின் ஊர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகையில் மீன் வாட்டிய விவரம்

காஜா பெராங், மலாக்கா
21.10.1957

சிரம்பானில் இருக்கும் அக்கா சிவகாமசுந்தரி அவர்களுக்கு, தம்பி கணேசமூர்த்தி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மகள் கோகிலாவைப் பெண் பார்க்க வரவிருந்த தம்பின் ஊர் மாப்பிள்ளை சுப்பையன், சீமையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தபோது பலகையில் வாட்டிய மீனைச் சாப்பிட்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர், யாரோ தும்மியதற்காக ஓர் இடத்தையும் விளக்கு அணைந்ததற்காக இன்னோர் இடத்தையும் வேண்டாம் என்றவர் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஆனால் மீன் பலகைக்கு மேலேயா கீழேயா, பலகை எரியுமா எரியாதா, அதையும் சாப்பிட வேண்டுமா என்று ஒன்றும் எழுதவில்லை. நானும் மரச் சோப்புப் பெட்டியை உடைத்து, மஞ்சளும் மிளகாயும் புளியும் தடவி ஊறவைத்த கொடுவா மீனை அதன்மேல் கிடத்தி, கரி அடுப்பில் வைத்தேன். என் வீட்டுக்காரி சாரதாம்பாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மீன் குளிச்சிட்டு வந்திருக்கு" என்றாள். அடுத்து வைத்த பலகை தீப்பிடித்து, மீன் சாம்பலில் விழுந்தது. "பலகை வேகணுமா, மீன் வேகணுமா, முதல்ல அதச் சொல்லுங்க" என்றாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அப்பாசாமி, "பலகையத் தண்ணியில ஊறப் போடணுங்க. எங்க பெட்டிப் பட்டறையில நல்ல வாசனை மரம் இருக்கு, துண்டு ஒண்ணு கொண்டாறேன்" என்றான். சொன்னபடியே கொண்டுவந்தான். முதல் நாளே குளியல் தொட்டியில் அதை ஊறப் போட்டதால் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். யாரும் தும்மவில்லை. மீன் வெந்து பலகை ஓரம் கருகியபோது எழுந்த வாசனையில் சம்பந்தியம்மா நாற்காலியை அடுப்புப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கிளம்பும்போது அந்தக் கருகின பலகையைக் கழுவித் தரச் சொல்லி, பேப்பரில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் திரும்பியதும் அப்பாசாமி தலையைச் சொறிந்தான். "ஐயா, அது சவப்பெட்டிப் பலகைங்க. அந்தம்மா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறாங்களே." ஆறு வருஷமாகப் பெட்டிப் பட்டறை என்று அவன் சொன்னபோதெல்லாம் நான் துணி வைக்கிற பெட்டி என்றுதானே அக்கா நினைத்துக்கொண்டிருந்தேன்? சீனர் பட்டறையில் வெட்டி மிஞ்சிய புதுத் துண்டுதான், யாரும் படுத்ததில்லை என்று சத்தியம் செய்கிறான். தும்மலுக்கே எழுந்து போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? சொன்னால் கல்யாணம் நின்றுபோகும், சொல்லாவிட்டால் அந்த வீட்டில் யாருக்காவது ஜலதோஷம் வந்தால்கூட நான்தான் காரணம் என்று தோன்றும். எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே நீங்கள் தம்பினுக்குப் போய், ஏதாவது சாக்குச் சொல்லி, அந்தப் பலகையை எப்படியாவது வாங்கி வந்துவிட வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடியில்லாமல் நீடூழி இருக்க மாரியம்மனை வேண்டும்,
தம்பி கணேசமூர்த்தி

பி.கு.: தம்பினுக்குப் போக வேண்டாம். மேலே எழுதியதைக் கோகிலா படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அது என்ன பலகை என்று அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். மாப்பிள்ளை கை கழுவப் போனபோது குழாயடியில் அவரிடம் சொல்லியும்விட்டாளாம். அவர், "அம்மா சாப்பிட்டு முடிக்கட்டும், பஸ்ஸுல நான் சொல்றேன்" என்றாராம். பஸ் அலோர் காஜா தாண்டுவதற்குள் சொல்லியும்விட்டாராம். சாவதற்கு முன்பே பெட்டி செய்து வைத்தால் ஆயுசு கெட்டி என்று சீனர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறாராம்; இது நல்ல சகுனம் என்று சொல்லி அந்தம்மா பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். தை மாதம் கல்யாணமாம். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அவரு எழுதியிருந்தாரு" என்றாள். அவர் இவளுக்குக் கடிதம் எழுதுவது சாரதாம்பாளுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்டச் சொன்னா நீங்க அத்தைக்கு எழுதிருவீங்களேப்பா."