மாமனாரோடு பிறந்த கடிகாரம்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்க நினைக்காத மாப்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வருவான், சாப்பிடுவான், தூங்குவான், ஊருக்குப் போவான். நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று கிளம்புகிறவன்தான் ஆபத்தானவன். 1969-ல் கோலார் தங்கவயலில் அப்படிப்பட்ட ஓர் ஆபத்து சைக்கிளில் திரிந்துகொண்டிருந்தது. அது நான்தான்.

எனக்கு அப்போது சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தா வேலை. எந்த ஷிப்டுக்கு யார் வந்தார், யார் தாமதம் என்று குறிப்பதுதான் என் பிழைப்பு. (அடுத்தவர்களின் நேரத்தை ஒழுங்காகக் குறித்தேன். என் நேரம்தான் சரியில்லை.) கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனார் முனுசாமி, வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, கூண்டில் ஆட்களை ஏற்றிப் பூமிக்குள் இறக்கி, பத்திரமாக மேலே கொண்டுவருகிற இயந்திரம் அவர் கையில் இருந்தது. கீழேயிருந்து அடிக்கிற சைகை மணி ஒன்று தவறாகக் கேட்டால் ஒரு கூண்டு ஆட்கள் போய்விடுவார்கள் என்ற வேலை. அதனாலோ என்னவோ, மனிதர் அதிகம் பேசமாட்டார். கேட்பார். கேட்டுவிட்டு நம்மையே பார்ப்பார். நமக்கு வியர்க்கும்.

அந்த வீட்டில் எனக்கு முன்பே இன்னொரு மாப்பிள்ளை இருந்தார். மூத்த மகளின் கணவர், என் சகலை பெருமாள். பங்காருப்பேட்டையில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு விடை வைத்திருப்பார், அந்த விடை சரியாகவும் இருந்து தொலைக்கும். மாமனார் எது பேசினாலும் “பெரிய மாப்ள இன்னா சொல்றாரு?” என்றுதான் முடிப்பார். சின்ன மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் முழுவதிலும் ஒருத்தரும் கேட்டதில்லை.

தை மாதத்தில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் என்று முடிவானது. பெருமாள் உடனே, “நான் ஒரு ரேடியோ எடுத்துடறேன்” என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் ஆபீஸ் அதிகாரி ஒருவர் பழைய கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். அவர் பிறந்த வருஷத்தில் செய்யப்பட்டதாம். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி தேடிப் பிடித்துக் கொடுத்தாராம். “இதுக்கும் எனக்கும் ஒரே வயசு” என்று எல்லோரிடமும் காட்டுவார். அது நினைவுக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“மாமா பொறந்த வருஷத்துல பொறந்த வாட்ச் ஒண்ணு கொண்டாந்து தரேன்!”

மாமனார் முதல்முறையாக என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். “அப்பிடிகூட கெடைக்குமா மாப்ள?” என்றார். அந்தக் கேள்வியில் ஓர் ஆசை தெரிந்தது. அவ்வளவுதான், நான் ஒழிந்தேன்.

அடுத்து, அவர் பிறந்த வருஷம் தெரிய வேண்டும். மாமியார் ராஜம்மாவிடம் அடுப்படியில் போய்க் கேட்டேன்.

“அவுரா? சௌமிய வருசம், தை மாசம்” என்றார், உலையில் அரிசியைப் போட்டபடி. “அதே சௌமியம்தான் மாப்ள இப்ப சுத்திகினு வந்துகீது. அறுவது வருசம் ஆனா வருசம் திரும்பி வரும் இல்ல?”

இப்போது நடப்பது சௌமியம். இப்போது 1969. அறுபதைக் கழித்தால் 1909. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் எதற்கு என்று எனக்கே ஒரு கர்வம் வந்தது.

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடிகாரம் ரிப்பேர் செய்கிற எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கினேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பரிவோடு, “புது வாட்ச் ஒண்ணு வாங்குங்க சார், பின்னாடி ஊசியால நீங்க சொல்ற வருசத்த எழுதித் தரேன்” என்றார். பொங்கல் நெருங்கியது. மாமனார் வேறு ஒவ்வொரு ஞாயிறும், “இன்னா மாப்ள, நம்ம வயசு சோட்டு ஆளு கெடச்சானா?” என்று கேட்க ஆரம்பித்தார். மனிதர் ஒரு கடிகாரத்துக்காகக் குழந்தைபோலக் காத்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில்தான் ஆரோக்கியசாமியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போன சாமான்களோடு பேத்தமங்களாவில் கொஞ்சம் நிலம் பார்த்து உட்கார்ந்துவிட்டவர். அவரிடம் துரையின் பாக்கெட் வாட்ச் இருக்கிறது என்றார்கள். சைக்கிளை மிதித்தேன்.

வாட்ச் இருந்தது. கோழிக் கூண்டுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

“இது டிக்கு டிக்குன்னா கோழி நல்லா அடை காக்குது தம்பி” என்றார் ஆரோக்கியசாமி.

வெள்ளி மூடி. துடைத்துப் பார்த்தேன். பின்புறம் அழகாகச் செதுக்கிய எழுத்தில் 1909! நான் அந்தக் கூண்டருகே ஒரு குதி குதித்ததில் அடையிலிருந்த கோழி எழுந்து ஓடிவிட்டது.

பெரியவர் பணம் வேண்டாம் என்றுவிட்டார். அவர் கண் என் மணிக்கட்டிலேயே இருந்தது. “தொரை குடுத்தத துட்டுக்கு விக்கமாட்டேன். ஆனா வாட்சுக்கு வாட்ச் மாத்திக்கலாம், தப்பில்ல.”

என் மணிக்கட்டில் இருந்தது, கல்யாணத்தன்று மணவறையில் மாமனார் தன் கையாலேயே கட்டிவிட்ட கடிகாரம். பெங்களூர் வரை போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியதாக என் மனைவி கமலா அடிக்கடி சொல்வாள். மாமனார் கட்டிய கடிகாரத்தைக் கொடுத்து மாமனாருக்கே கடிகாரம் வாங்குவது சரியா என்று ஒரு கணம் யோசித்தேன். (ஒரு கணம்தான். ரெண்டு கணம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஏரிக்கரை மேட்டில் சைக்கிளை நிறுத்தி, 1909-க்கு மேலே இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்: ‘நாய்க் கண்காட்சியில் முதல் பரிசு.’

துரையின் அப்பாவோ யாரோ வளர்த்த நாய் ஜெயித்த கடிகாரம் அது! திரும்பிப் போய் மாற்றலாம் என்றால், ஓடிப்போன கோழிக்காக அந்தப் பெரியவர் ஏற்கெனவே என்மேல் கோபமாக இருந்தார். சரி, மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது, வருஷம் மட்டும் தெரிந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு பொங்கலெல்லாம் முழுக்கைச் சட்டைதான். வெயிலிலும் கையை மடிக்கவில்லை. மாமனாருக்கோ என் கையைப் பார்த்து நேரம் கேட்பதில் ஒரு பெருமை. “மாப்ள, டைம் இன்னா?” என்பார். சுரங்கத்துச் சங்கு எப்போது ஊதியது என்று நினைவுபடுத்தி உத்தேசமாக ஒன்று சொல்வேன். கமலாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அவள் நம்பாத பார்வை ஒன்று பார்த்தாள்.

கல்யாண நாளும் வந்தது. கலசத் தண்ணீர் ஊற்றி, மாமனார் மாமியாருக்கு மறுபடி தாலி கட்டி, அட்சதை விழுந்தது. பெருமாள் ரேடியோவை வைத்துப் போட்டும் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பட்டுத்துணியில் சுற்றிய கடிகாரத்தை நீட்டினேன்.

“மாமா, இதுவும் உங்களை மாதிரியே 1909-ல பொறந்தது.”

மாமனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பிறவிப் பயன் அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெருமாள் எட்டிப் பார்த்தார்.

“மாமா தை மாசம்தானே? சௌமிய வருஷம் சித்திரையில ஆரம்பிச்சது 1909. தை வரும்போது ஜனவரி தாண்டிப்போச்சே. மாமா பொறந்தது 1910.”

அவர் விடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூடியில் இருந்ததைத் தமிழிலேயே வாசித்தார். “நாய்க் கண்காட்சியில்... முதல் பரிசு.”

சின்னதாக ஆரம்பித்த சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. “போவட்டும் மாப்ள. டைம் சரியா கீதான்னு உங்க வாட்சோட வெச்சுப் பாருங்க” என்றார், என்னைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

நான் கையை நீட்டவில்லை. கமலா நேராக வந்து என் சட்டைக் கையை மேலே தள்ளினாள். வெறும் மணிக்கட்டு.

“அத குடுத்துத்தான் இத வாங்கினேன் மாமா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மாமனார் கடிகாரத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. (அந்த ஊரில் அதற்கு வேண்டிய பள்ளங்கள் ஏராளம்.)

அப்போது மாமியார் மணையிலிருந்தே கேட்டார். “பெரிய மாப்ள, தை மாசம்னா 1910. சரி. அதே சௌமியத்துல ஆடி மாசம்னா?”

“ஆடி 1909-தான் அத்தை. ஏன்?”

“அப்ப இது என்னுது. குடுங்க இப்பிடி.”

யாருக்கும் புரியவில்லை. மாமனார் மெல்லத் திரும்பினார். “நீ விரோதிகிருது வருசம்னு இல்ல உங்கப்பன் சொன்னாரு? என்னவிட ரெண்டு வயசு சின்னவன்னு?”

“சொன்னது எங்கப்பன். நானா சொன்னேன்? பொண்ணு மூத்தவன்னா நீங்க கட்டிக்கினு இருப்பீங்களா? நான் சௌமியம், ஆடி. உங்களுக்கு ஆறு மாசம் மூத்தவ.” மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “போன ஆடியிலயே எனக்கு அறுவது ஆயிடுச்சு. அன்னிக்கும் உங்களுக்குக் கேவுருக் களிதான் கிண்டிகினு இருந்தேன். எந்த வருசம் பொறந்தேன்னு இது வரைக்கும் என்னை ஒருத்தர் கேக்கல.”

பெண்டாட்டி மூத்தவள் என்பது எங்கள் பக்கத்தில் வெளியே சொல்கிற விஷயமில்லை. நாற்பது வருஷம் மூடி வைத்ததை, ஊர் கூடிய பந்தலில், என் மானத்தைக் காப்பாற்ற அந்த அம்மாள் போட்டு உடைத்துவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மாமனார் அவரையே பார்த்தார். கூண்டு மேலே வருமா வராதா என்று எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அவர் எழுந்தார். தாம்பாளத்திலிருந்து கடிகாரத்தை எடுத்து மாமியாரின் கையில் வைத்தார். அப்படியே குனிந்து, “இத்தினி நாளா நீ என் கால்ல வுழுந்தது தப்பு தாயி” என்று கும்பிட்டார்.

“வுழுந்து எழுந்திருங்க, யாரு வாணாம்னாங்க?” என்றார் மாமியார்.

பந்தல் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பெருமாளின் ரேடியோ என்ன பாடியது என்று யாருக்கும் தெரியாது. அன்று பந்தியில் மாமியார் என்னைத்தான் முதலில் உட்காரவைத்தார். என் இலையில் மட்டும் இரண்டு லட்டு. “நாய்க்குக் குடுத்ததா இருந்தா இன்னா மாப்ள, ஜெயிச்ச நாய்தானே” என்றும் ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வோர் ஆடியிலும் மாமியாருக்குப் பிறந்தநாள் நடந்தது. அதைத் தேதி தவறாமல் நினைவு வைத்திருந்தவர் மாமனார். அதோடு இன்னொன்றும் நிலைத்துவிட்டது. பெண் பார்க்கிற விஷயமோ, வீடு மாற்றுகிற விஷயமோ, எதற்கு அவரிடம் யோசனை கேட்கப் போனாலும், “பெரிய மாப்ள இன்னா சொல்றாரு?” என்று அவர் கேட்பதில்லை. அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, கடைசி வரைக்கும் ஒரே பதில்தான்:

“என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? நான் சின்னப் பையன். பெரியவங்க உள்ள கீறாங்க, போய்க் கேளுங்க.”