வட்டக் கையெழுத்துப் படலம்

வாழ்க, சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் காலர் மட்டுமே தைத்த தாயின் மணிவயிறு வாய்த்த மகள்; வயலின் தாங்கிய இடத்தோளாள், டிரம்பெட் ஊதித் தழும்பேறிய செவ்விதழாள், டிரம்ஸ் குச்சி சுழற்றிக் காய்த்த கரத்தாள், தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த தேய்செருப்பினாள் வாழ்க.

"விரும்பிய இசையைக் கலந்து உங்கள் பட்டத்தை நீங்களே வடிவமையுங்கள்" என்று வழுவழுத் தாளில் அச்சிட்டு ஆசை காட்டிய இசைக்கல்லூரி, அடியில் எறும்பெழுத்தில் ஒரு சூழ்ச்சியும் வைத்திருந்தது: மாலை நான்கு மணிக்குள் மூன்று துறைத்தலைவரும் ஒரே படிவத்தில் ஒப்பமிடாவிடில், மூன்று கருவிகளுள் ஒன்றே நான்காண்டுக்கும் கதி. நீங்களே என்றால் நீங்களே அல்ல என்று பொருள். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அவரவர் அப்பா முன்பே சொல்லியிருப்பார்.

படிவத்திலோ ஒப்பக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. மூண்டது பெரும்போர். மலைமுகட்டு மடங்கலென மூன்றாம் மாடியில் வீற்றிருந்த வயலின் தலைவர், "தகரம் தட்டுறவருக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா?" என்று கர்ச்சிக்க, நிலவறையில் கார்முகிலெனக் குமுறிய டிரம்ஸ் தலைவர், "தாளம் இல்லாம அவர் எதை வாசிப்பாராம்? மேல் கோடு எனக்குத்தான்" என்று இடிக்க, இடைநிலத்து வேந்தராகிய டிரம்பெட் தலைவரோ, "நடுவுல நசுங்க நான் என்ன சாண்ட்விச் வெங்காயமா?" என்று முகம் திருப்ப, ஒன்பது முறை ஏறி, ஒன்பது முறை இறங்கி, லிஃப்ட் என்னும் தேர் பழுதுற்ற அக்கோட்டையில் மூச்சிரைத்து நின்றாள் மும்முனை வீராங்கனை.

மூன்றரை மணிக்குத் தாயை அழைத்தாள். இயந்திரப் பேரொலியைக் கிழித்துக்கொண்டு வந்தது வீரத்தாயின் ஆணை.

"காலர் தைக்கிறவளுக்குக் கை தைக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்கடி. ஒரு முழுச்சட்டை தைக்க விடல இன்னிக்கு வரைக்கும். நீ ஒண்ணைக்கூட விட்டுட்டு வராத."

கேட்டாள், பல்லைக் கடித்தாள், புதுப்படிவம் ஒன்றைப் பறித்தாள், ஒப்பக் கோடுகளை அடித்தாள், தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, தேராழியின் ஆரக்கால்களென மூன்று கோடுகளை வெளிநோக்கி இழுத்தாள். மேலுமின்றிக் கீழுமின்றி, முதலுமின்றி முடிவுமின்றிச் சுழன்ற அச்சக்கர வியூகத்துள் வேந்தர் மூவரும் வீழ்ந்தனர். ஒவ்வொருவரும் தாளைத் திருப்பித் தம் கோட்டை உச்சியில் நிறுத்தி, உள்ளம் பூரித்து ஒப்பமிட்டனர்.

நான்குக்கு இரண்டு நிமிடம். சாளரத்து எழுத்தர் படிவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எந்தப் பக்கம் பாத்து சீல் வைக்கிறது?"

"எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணுதான் சார். வைங்க."

வானேறு விழுந்தாற்போல் விழுந்தது முத்திரை. எண்டிசையும் அதிர, எந்நாளும் எவரும் கற்றிராத மும்மைப் பட்டத்தை வென்றெடுத்து, படிகள் குலுங்க இறங்கினாள் வெற்றித்திருமகள்.

மறுநாள் வந்த டைம்டேபிளில் மூன்று பேரும் அவளுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணியைக் கொடுத்திருந்தார்கள்.