மாமியின் ஜன்னலும் என் இரண்டு காதுகளும்

சந்தன்நகர்,
குளிர்காலச் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்

அன்பும் அழகும் நிறைந்த (அறிவு போகப்போக வரும்) சிரஞ்சீவி பாப்லுவுக்கு, உன் தாய்மாமன் துர்காபதன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். கங்கை நலம். உன் மாமி லாவண்யா வழக்கம்போல் எங்கள் இருவரையும்விட நலம்.

வங்காளத்தின் ஓவிய வரலாறு இந்தக் குளிர்காலத்தில் திசை திரும்பிவிட்டது. உனக்குத்தான் சேதி வரவில்லை. நான் நீர்வண்ணத்தில் என்னையே வரையக் கற்றுக்கொண்டேன். எனக்குச் சொல்லித்தரும் ஓவிய வாத்தியார் அனாதிபாபுவின் பாடம் எளிது: ஒரே பழுப்பு நிறம், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கண்ணாடியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் பார், வெளிச்சத்துக்கு வண்ணம் கிடையாது, தாளை வெறுமனே விடு, ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைத் தொடாதே. இதற்கு வடக்கு ஜன்னல் வேண்டும். நம் வீட்டு வடக்கு ஜன்னலிலோ மாமியின் தையல் மெஷின் குடியிருக்கிறது. மகாபாரதமே சின்னச் சண்டை எனும்படி வாதாடி ஒரு தீர்ப்புக்கு வந்தோம்: பூஜைப் பந்தல் கண்காட்சியில் என் படம் தொங்கும், ஒரு ஆளாவது அது நான்தான் என்று சொன்னால் ஜன்னல் எனக்கு, இல்லாவிட்டால் தூரிகைகள் கங்கைக்கு.

கலைக்காக, குளிர்காலம் முழுக்கக் காதை மூடியிருக்கும் குரங்குக் குல்லாவையே கழற்றினேன், பாப்லு. இமயமலை பார்த்திருந்தால் தும்மியிருக்கும். யானை பொறாமைப்படும்படி இரண்டு காதுகளை வரைந்தேன். ஆனால் அறைக்குள் பூச்சு காய்வதாயில்லை. படத்தையும், தூரிகை துடைத்த தாளையும் மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கினேன். மாடியிலே மாமியின் பருப்பு வடகம். முதல் இரண்டைக் கிழவனும் கிழவியுமாகப் பெரிதாக வைத்து, குங்குமமும் அறுகம்புல்லும் இட்டுக் கல்யாணம் முடித்த பிறகுதானே மற்றதைப் பிழிவாள். அப்போதுதான் முடித்திருந்தாள். காற்று அடித்தது; ஒரு தாள் பறந்துபோய் மணமக்கள் மேலேயே குப்புற விழுந்தது. நான் ஓடிவந்து உரித்தால் மீசைக்குப் பதில் மேகம், மூக்குக்குப் பதில் கிழவன் வடகம், நெற்றியிலே குங்குமம், காதுகளைக் காணவே காணோம். இன்னொரு தாள் கங்கையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மாமி என் படத்துக்காகத் துக்கப்படவில்லை. "இப்பதான் கல்யாணம் பண்ணி வச்சேன், அதுக்குள்ள கிழவிய விதவையாக்கிட்டீங்களே" என்றாள்.

மறுபடி வரைய ஏது நேரம்? அதையே தொங்கவிட்டேன். மிட்டாய்க்கடை கோஷ்டபாபு, வெள்ளத்தில் மூழ்கிய ஜில்லாவின் வரைபடம் என்றார். புரோகிதர் பலாப்பழம் என்றார். அனாதிபாபு, ஒரே நிறம் என்றேனே, சிவப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூரிகைகளிடம் மனசுக்குள் விடைபெற்றேன். கடைசியாக மாமி வந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவரேதான். இத்தனை வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? காதே இல்ல பாருங்க."

பந்தலே குலுங்கியது. குலுங்கட்டும்; எதிர்க்கட்சியே எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டதல்லவா? ஜன்னல் என்னுடையது. இதோ மெஷினை நகர்த்தக் கிளம்பிவிட்டேன். நீ குல்லாவும் கம்பளியுமாக நூறாண்டு வாழ்ந்து, மாமனின் புகழை டெல்லியெங்கும் பரப்பக் கடவாய்.

இப்படிக்கு, வடக்கு ஜன்னலின் அதிபதி,
துர்கா மாமா

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. மெஷினை நகர்த்தியபோது அதன் டிராயர் திறந்துகொண்டது. உள்ளே என் படம், கசங்காமல், இரண்டு காதுகளோடும். பந்தலில் தொங்கியது தூரிகை துடைத்த தாள். ஏன் ஒளித்தாய் என்று கேட்டேன். "காத்துல பறக்க இருந்துச்சு, புடிச்சு வச்சேன். இதுல காது இருக்கே. இதத் தொங்கவிட்டா நீங்கதான்னு நான் சொன்னாலும் யார் நம்புவா?" என்றாள். மெஷின் இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது.