பாங்காக்கில் ஒரு பூத் ஏஜெண்ட்

பாங்காக் போய் வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செண்ட் பாட்டில் வாங்கி வந்தவர்கள், யானை பொம்மை வாங்கி வந்தவர்கள், வீட்டில் சொல்லமுடியாத சில அனுபவங்களை வாங்கி வந்தவர்கள். ஆனால் போன இடத்தில் ஒரு தேர்தலையே நடத்திக்கொடுத்துவிட்டு வந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் உரக்கடை வைத்திருந்தார். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் பூத் ஏஜெண்ட்.

நான் அப்போது ஓர் உரக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. அதிகாரி என்றதும் ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போய், "அண்ணே, இன்னும் ஒரு லோடு எடுத்துக்குங்கண்ணே" என்று கெஞ்சுகிற உத்தியோகம். மற்ற கடைக்காரர்கள் உரம் விற்றுக்கொண்டே தேர்தல் பேசுவார்கள். இவர் தேர்தல் பேசிக்கொண்டே, ஞாபகம் வந்தால் உரம் விற்பார்.

சட்டசபை, நாடாளுமன்றம், பஞ்சாயத்து, கூட்டுறவு சங்கம் எதுவானாலும் சரி, வாக்குச்சாவடிக்குள் ஏஜெண்டுகளுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார். எந்தக் கட்சிக்கு என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "கட்சி மாறும் தம்பி, பெஞ்சு மாறாது" என்பார். ஆளுங்கட்சிக்கும் உட்கார்ந்திருக்கிறார், எதிர்க்கட்சிக்கும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறை ஏஜெண்ட் போட ஆளில்லாத ஒரு சுயேச்சையைத் தேடிப்பிடித்து, கெஞ்சிக் கேட்டு அவருக்காக உட்கார்ந்தார். அந்த பூத்தில் சுயேச்சைக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

"உங்களுதாண்ணே?" என்றேன்.

"அது ரகசியம் தம்பி" என்றார், முகம் கொஞ்சமும் மாறாமல்.

தேர்தல் இல்லாத நாட்களில் மனிதர் படும் பாடு சொல்லி முடியாது. ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்தி. இலை போட்டு, உப்பு வைத்து, எல்லோரும் சாம்பாருக்குக் காத்திருக்கிறோம். திடீரென்று எழுந்து நின்று, "அப்ஜெக்‌ஷன்!" என்று ஒரு குரல் கொடுத்தார். "அந்த மூணாவது எலைக்காரரு மொதப் பந்தியிலயே உக்காந்தாச்சு. இது கள்ள ஓட்டு!" மூன்றாவது இலைக்காரர் பெண்ணின் தாய்மாமன். கல்யாணம் நின்றுபோகாமல் இருந்தது அந்த மாமனின் பெருந்தன்மையால்தான். பாயசத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு வருஷம் விற்பனை டார்கெட்டை எட்டித் தொலைத்தார். டார்கெட்டை முடிக்கிற டீலர்களைக் கம்பெனி பாங்காக் கூட்டிப்போகும். நாற்பது டீலர்களுக்கும் மேய்ப்பன் நான்.

கம்பெனி ஆளுக்கொரு டீ-சட்டை கொடுத்திருந்தது. நல்ல பழுத்த நெல் நிறம், பளீர் மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பூத் ஏஜெண்ட் மட்டும் மறுத்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி கொடுத்த அட்டை. "ஏஜெண்டுன்னா கலர் போடக்கூடாது தம்பி." பாங்காக் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி முடித்ததும், பழக்க தோஷத்தில் மை வைப்பார்கள் என்று இடது கை விரலை நீட்டினார். அந்த அதிகாரி விரலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு மரியாதையாக அந்த விரலைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அனுப்பினார்.

வெளியே எங்களுக்காக ஒரு கைடு பெண் காத்திருந்தாள். எங்கள் மஞ்சள் பட்டாளத்தைப் பார்த்ததும் அலறியே விட்டாள். அந்த ஊரில் மஞ்சள் சட்டை ஒரு கட்சி, சிவப்புச் சட்டை எதிர்க்கட்சி, இரண்டும் தெருவில் மோதிக்கொண்டிருக்கிற நேரம், ஞாயிற்றுக்கிழமை பொதுத்தேர்தல் என்று அவள் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னாள். மஞ்சள் போட்ட உரக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேயே சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பூத் ஏஜெண்ட் முகத்தில் மட்டும் குடமுழுக்கு பார்த்த பரவசம்.

"தம்பி, எலெக்‌ஷனா? நம்ம வந்த நேரத்துலயா?"

பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெண் கும்பிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். "மை நேம் நோய்."

டீலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பாஷையில் ‘சின்னப்பொண்ணு’ என்று அர்த்தமாம். அதை யார் கேட்டார்கள்? "பெத்தவங்க வைக்கிற பேராங்க இது?" என்று நொந்துபோனார் பூத் ஏஜெண்ட். அன்று முதல் அவளை ‘சௌக்கியம்’ என்றுதான் கூப்பிட்டார். அவளும் அது ஏதோ தமிழ்ப் பட்டம் என்று நினைத்து, கூப்பிட்டபோதெல்லாம் கும்பிட்டாள்.

புத்தர் கோயிலுக்குப் போனாலும், அரண்மனைக்குப் போனாலும் இவர் கேட்டது ஒரே விஷயம்தான், தேர்தல். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன். அவள் சொன்னாள்: கிராமத்து நெல் விவசாயிகள் ஒரு பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள். அரசாங்கம் நல்ல விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்கிறது, ஆனால் பணம் வந்து சேரவில்லை. நகரத்துக்காரர்கள் பலர், கிராமத்து ஓட்டு விலைபோன ஓட்டு, அதனால் தேர்தலே இப்போது வேண்டாம் என்கிறார்கள். இதைக் கேட்டதும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டீலர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இங்கயும் கொள்முதல் நிலையமா? ஈரப்பதம் பாக்குறானா?"

"மூட்டைக்குச் சாக்கு யாரு குடுக்கறா?"

ஒரு கீழ்வேளூர் டீலர் பெருமூச்சு விட்டார். "நாலு மணி நேரம் பறந்து வந்தும் நம்ம தாலுகாவத் தாண்டல போலிருக்கே!" சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு இன்னொரு இடியும் விழுந்தது. தேர்தலுக்காக ஊர் முழுக்க மதுக்கடையை மூடிவிட்டார்கள். வருஷம் பூராவும் இந்த ஒரு சாயங்காலத்துக்காகவே யூரியா விற்ற மனிதர் அவர்.

மறுநாள் மத்தியானம் படகுச் சந்தைக்குக் கிளம்பினோம். நோய் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் அருகில் வந்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அவளுடைய வாக்குச்சாவடி போகிற வழியில்தான் இருக்கிறது, சிறிது நேரம் பஸ்ஸை நிறுத்த முடியுமா என்று. கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன தடவையும் வேலையில் மாட்டிக்கொண்டு போடவில்லையாம்.

"என்ன தம்பி கேக்குது பாப்பா?" பூத் ஏஜெண்ட் எழுந்து வந்துவிட்டார்.

"ஓட்டுப் போடணுமாம்ணே. மூணு மணிக்கு முடிஞ்சிடுமாம். ஆனா அங்க கலாட்டாவாம், தேர்தல் வேணாங்கற கும்பல் ஒண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு யாரையும் உள்ள விடாம மறிக்குதாம். நமக்கு எதுக்குண்ணே வம்பு?"

"மறிக்கிறானுவளா?"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். "வண்டிய அங்க நிறுத்தச் சொல்லுங்க."

"யோவ் ஏஜெண்டு! நேத்து சரக்குதான் இல்ல. இன்னிக்கு சந்தையும் இல்லயா?" என்று கீழ்வேளூர் டீலர் புலம்பினார். யாரும் காதில் வாங்கவில்லை. நோய் ஏற்கெனவே டிரைவரிடம் ஓடிவிட்டாள்.

அது ஒரு பள்ளிக்கூடம். கேட்டை மறித்து ஒரு கூட்டம் விசில் ஊதிக்கொண்டிருந்தது. எதிரே இன்னொரு கூட்டம், அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டது: "லுவக் தாங்! லுவக் தாங்!" போலீஸ்காரர்கள் நடுவில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருவர் தும்மினால் போதும், அடிதடி ஆரம்பமாகிவிடும் என்று தோன்றியது. நான் பஸ் படியை விட்டு இறங்கவில்லை. பூத் ஏஜெண்ட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கேட்டீங்களா? ‘எலெக்‌ஷன் தாங்க’ன்னு கேக்குறாங்க! மரியாதையா, தாங்கன்னு கேக்குறாங்க! அதைக்கூட மறிக்கிறானுவளே!"

‘லுவக் தாங்’ என்றால் அவர்கள் பாஷையில் தேர்தல் என்று அர்த்தம். நான் திருத்துவதற்குள் அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். "எலெக்‌ஷன் தாங்க! எலெக்‌ஷன் தாங்க!" அந்தக் கூட்டத்துக்கு அது கொஞ்சம் கொச்சையான தாய்லாந்து பாஷையாகவே கேட்டிருக்க வேண்டும். ஆரவாரம் செய்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் அசல் பூத் ஏஜெண்ட் வேலை. கோஷத்தை ஒரு கையசைப்பில் நிறுத்தினார். "கூட்டமா நின்னா கலாட்டா. வரிசையா நின்னா ஓட்டு. ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்!" அந்த ஊரில் ஆண், பெண் தனி வரிசை கிடையாது. ஆனால் அவர் தோளைத் தொட்டுத் தொட்டு நிறுத்திய வேகத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கயிறு கட்ட இடமில்லை. பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்: "எறங்குங்கய்யா! நீங்கதான் கயிறு!" போட்டோவுக்காக அன்றும் திருப்பிப் போட்டிருந்த சட்டையோடு மற்ற முப்பத்தொன்பது பேரும் இறங்கி, வரிசைக்கு இரண்டு பக்கமும் கைகோத்து நின்றார்கள். கீழ்வேளூர்க்காரர்தான் முதலில் இறங்கினார்.

விசில் சத்தம் குழம்பியது. முட்டிமோதும் கும்பலைச் சமாளிக்க வந்தவர்களுக்கு, கோயில் பிரசாத வரிசை போல நிற்பவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கேமராவோடு ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஓடிவந்து, சர்வதேசத் தேர்தல் பார்வையாளரா என்று பூத் ஏஜெண்டிடம் கேட்டார். இவருக்குப் புரிந்தது ‘எலெக்‌ஷன்’ மட்டும்தான்.

"எஸ். ஏஜெண்ட்."

எந்த நாடு என்று கேட்டார்.

"திருத்துறைப்பூண்டி."

பத்திரிகையாளர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு வேலையும் போய், விடுதலையும் போய், அந்த ஊர் ஜெயிலில் நூடுல்ஸ் சாப்பிடுவது போலக் கண்ணுக்குத் தெரிந்தது.

விசில் கூட்டத்தின் தலைவர் போலிருந்த ஒருவர் இவருக்கு நேரெதிரே வந்து நின்று சத்தம் போட்டார். பூத் ஏஜெண்ட் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டார். ஆனாலும் நகரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க ஊதுங்க, வேணாங்கல. அவங்கள வுட்டுருங்க." அந்தத் தலைவர் இவர் வேட்டியைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துவிட்டு ஓரடி ஒதுங்கினார். அந்த ஓரடி போதுமாக இருந்தது. உள்ளிருந்து ஓர் அதிகாரி அம்மாள் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தாள். பெண்கள் வரிசை நகர்ந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நோய் உள்ளே போனாள்.

வெளியே வந்தவளின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மையே இல்லயே! ஏமாத்திட்டானுவ பாப்பாவ!" இந்த நாட்டில் மை கிடையாது என்று புரியவைத்தேன். சரி, எப்படிப் போட்டாய் என்று கேட்டார். அவள் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள்.

"அடிப்பாவி! பெருக்கல் போட்டியா? செல்லாதே!"

அந்த ஊர் ஓட்டுச்சீட்டில் பெருக்கல் குறி போட்டால்தான் செல்லும், ரைட் போட்டால் செல்லாது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் பிளாட்பாரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "என்ன நாடுய்யா இது. தப்பு போட்டாத்தான் ரைட்டு!" யாருக்குப் போட்டாள் என்று கீழ்வேளூர்க்காரர் கேட்கப்போனார். பூத் ஏஜெண்ட் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பி சில வாரங்களுக்குப் பிறகு பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. அந்தத் தேர்தலே செல்லாது என்று அங்கே கோர்ட் சொல்லிவிட்டது. மனிதர் ‘அப்ஜெக்‌ஷன்’ என்று கடையையே இடித்துவிடுவார் என்று பயந்துகொண்டுதான் போய்ச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. கல்லாவை மூடிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க தெரு வயல் வேலைக்காரத் தெரு தம்பி. கூலி நெல்லு கூடக் கேட்டுக் கொடி புடிச்சிருந்த சமயம். அப்ப ஒரு எலெக்‌ஷன். எங்கம்மா வெளுத்த சேலை கட்டிக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு ஓட்டுப் போடப் போச்சு. வாசல்லயே பண்ணை ஆளுங்க மறிச்சுக்கிட்டு, ‘ஒங்க தெரு ஓட்டெல்லாம் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க’ன்னானுவ. அம்மா வீட்டுக்கு வந்து சேலைய மாத்திக்கிட்டு நடவுக்குப் போயிடுச்சு. உள்ள பெஞ்சுல எங்காளு ஒருத்தன் இருந்திருந்தா எழுந்து ஒரு குரல் குடுத்திருப்பான்ல?"

கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

"செல்லாமப் போனா போவட்டும் தம்பி. செல்லாத ஓட்டும் போட்ட ஓட்டுதான். வாசலோட திரும்பி வரல பாருங்க, அந்தப் பொண்ணு."

உர மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் விற்பனை அதிகாரி டீலரைக் கட்டிப்பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"என்ன தம்பி, இந்த மாசம் டார்கெட் ஒதைக்குதா?" என்றார்.

"இல்லண்ணே" என்றேன். கையை எடுக்கவில்லை.