துறைமுகத்து அப்பா

"உங்க அப்பாவுக்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தமே இல்லையா?" லயனல் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"இல்லாம என்ன?" என்றான் டோபி. "அவரோட உல்லாசப் படகு அங்கதானே நிக்குது."

டோபி எழுதிய 'துறைமுகத்துப் பிள்ளை' அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. 'மூட்டை சுமந்த தகப்பனின் தோளில் உட்கார்ந்துதான் நான் உலகத்தைப் பார்த்தேன்' என்று முதல் வரி. வர்க்கப் பிரிவினையைப் பற்றி இதைப்போல ஒரு புத்தகம் வந்ததே இல்லை என்று, அதைப் படிக்காத பெரிய மனிதர்கள் நாலு பேர் பின்னட்டையில் சத்தியம் செய்திருந்தார்கள்.

"மூட்டை சுமந்தார்னு எழுதியிருக்கீங்களே ஐயா!"

"எங்க அப்பா சுமக்காத சுமையா? அவர் கட்டுற வரி உங்களுக்குத் தெரியுமா?"

இப்படிப்பட்டவனை என்ன செய்வது? புத்தகத்தாலேயே அடிக்கலாம் போலிருந்தது. கெட்டி அட்டைதான்.

லண்டனில் பெல்வார்டன் பதிப்பகம் என்றால் மதிப்பான இடம். பெண்ணுரிமை, வர்க்கம், தாராளவாதம், வியாபாரம் என்று நாலு அலமாரி. வியாபாரம் சோறு போடும், மற்ற மூன்றும் பேர் வாங்கித் தரும். தாராளம் அலமாரியோடு சரி. டிசம்பர் குளிரிலும் மதியத்துக்கு மேல்தான் ஹீட்டர் போடுவார்கள். அந்தத் தொழிலில் இப்போதெல்லாம் ஏழையாகப் பிறந்திருப்பது ஒரு பட்டம் மாதிரி. அப்படிப் பிறக்கக் கொடுத்துவைக்காதவர்கள், பூட்டன் வரைக்கும் தோண்டி ஒரு சுரங்கத் தொழிலாளியையாவது வெளியே எடுத்துவிடுவார்கள். டோபி அவ்வளவு தூரம் தோண்டவில்லை, சோம்பேறி.

புத்தகங்களுக்கு விளம்பரம் தேடுவது லயனலின் வேலை. ஞாயிறு பத்திரிகை ஒன்றில் 'பெற்றவரும் பிள்ளையும்' என்று ஒரு பக்கம் வரும். எழுத்தாளரும் தகப்பனோ தாயோ சேர்ந்து நிற்கிற படம், இரண்டு பேரின் பேட்டி. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அந்தப் பக்கத்தை அவன் வாங்கியிருந்தான். வாங்கிய பிறகுதான் தெரிகிறது, டோபி உல்லாசப் படகு வைத்திருக்கிற பணக்காரரின் மகன் என்று.

வேறு வழியில்லாமல் தலைமை ஆசிரியர் மிஸ் கிரேயிடம் போய் உண்மையைச் சொன்னான்.

அன்டோனியா கிரே எதற்கும் குரலை உயர்த்துகிறவர் இல்லை. "பையன் பொய் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலையில்லை லயனல். பொய் அரைகுறையா இருக்கே, அதுதான் கவலை. எனக்கு ஒரு அப்பா வேணும். கை காய்ச்சுப் போயிருக்கணும். வாயைத் திறந்தா துறைமுகம் மணக்கணும். எங்கிருந்து கொண்டுவருவீங்கன்னு நான் கேட்கப் போறதில்லை."

"மேடம், அது வந்து..."

"எங்க அப்பாவை மாதிரி டாக்டரா இருந்தா யார் படம் போடுவாங்க? இந்த ஞாயிற்றுக்கிழமை படம் வரலைன்னா, திங்கட்கிழமை உங்க நாற்காலியில வேற ஆள்."

வீட்டில் இரட்டைக் குழந்தைகள், பிறந்து நாலு மாதம். மனைவி வேலைக்குப் போகவில்லை. இந்த நாற்காலி போனால் நாலு பேரும் மாமியார் வீட்டில் போய் விழ வேண்டியதுதான். அந்த மாமியாரை நினைத்ததுமே லயனலுக்குப் புத்தி சுறுசுறுப்பானது. சுறுசுறுப்பான புத்திதான் ஆபத்து.

முதலில் பத்திரிகை நிருபர் பெட்ராவுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க, பிள்ளையை மட்டும் படம் எடுத்துக்கலாமா?" என்றான்.

"ஐயோ, என்ன உடம்பு?"

"நுரையீரல். துறைமுகத் தூசி."

"அடடா! அப்போ வீட்டுக்கே வர்றோம். படுக்கையில இருக்கிற தொழிலாளி, பக்கத்துல பிள்ளை. இதைவிட நல்ல படம் கிடைக்குமா?"

"இல்லல்ல, இப்போ தேவலை. எழுந்து நடமாடறார்! ஆபீசுக்கே வர்றேன்னு அடம் பிடிக்கிறார்!"

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இனி அப்பா வந்தே ஆக வேண்டும், அதுவும் இருமிக்கொண்டு.

நடிகர்களை அனுப்புகிற ஏஜென்சிக்குச் சொன்னான். வந்தவர் தத்ரூபமான தொழிலாளிதான். ஆனால் வாசலில் நின்ற பெண், "ஹை, மூலக்களிம்பு விளம்பரத் தாத்தா!" என்று கையெழுத்துக்கு நோட்டை நீட்டிவிட்டாள். அவரைத் திருப்பி அனுப்பியாயிற்று.

மிச்சம் ஒரே வழி. லயனல் ரயிலேறி டில்பரிக்குப் போனான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் எர்னி கிளெக் என்ற கிழவர் தனியாக உட்கார்ந்து முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் சுண்டுவிரலைக் காணோம். லயனலுக்கு அந்த இல்லாத விரலைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது.

வீட்டுக் குழந்தைகள் வரை சேர்த்து விஷயத்தைச் சொன்னான். கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதாவது, எவனோ ஒரு பணக்காரப் பயலுக்கு நான் அப்பன்னு போட்டோவுக்கு நிக்கணும்?"

"ஒரே ஒரு மணி நேரம்."

"மூஞ்சில முட்டைய பூசறதுக்கு முன்னால எழுந்து போயிரு தம்பி."

"ஐயா, பெல்வார்டன்னா சாதாரண இடம் இல்லை. பெரிய பதிப்பகம்..."

கிழவர் தட்டை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"இன்னா பேரு சொன்ன?"

"பெல்வார்டன்."

"எப்போ வரணும்?"

அவ்வளவு சுலபமாக முடியும் என்று லயனல் நினைக்கவேயில்லை. ஒரு நல்ல விஸ்கி பாட்டில் தருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் கிழவர் வந்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது. கறுப்பு சூட், கழுத்தில் டை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த ஷூ. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"என்னங்க இது! கொஞ்சம் அழுக்கா வரக்கூடாதா? கோட்டையாவது கழட்டுங்க!"

"பெத்த பிள்ளைய பாக்க வர்றவன் அழுக்குச் சட்டையிலயா வருவான்? வுடு தம்பி."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆள் வேஷத்துக்குள் இப்போதே போய்விட்டார் என்று லயனல் தேற்றிக்கொண்டான்.

வரவேற்பறைச் சுவரில் வெள்ளிச் சட்டமிட்ட படம் ஒன்று தொங்கியது. மீசையும் விறைப்பான காலருமாக ஒரு கனவான். எர்னி அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு இது?"

"எங்க மேடத்தோட அப்பா. பெரிய சர்ஜன். செத்து ரொம்ப நாளாச்சு. அதனால பேச்சைப் பார்த்துப் பேசுங்க, மேடம் பெரிய இடத்துப் பொம்பளை."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "எப்படி செத்தாரு?"

"ஆபரேஷன் பண்ணிட்டிருக்கும்போதே மாரடைப்பாம்."

"நோவாம போயிட்டாரு," என்றார் எர்னி. "குடுத்து வெச்சவரு."

கூட்டம் நடக்கிற அறையில் பெட்ராவும் படம் எடுப்பவரும் தயாராக இருந்தார்கள். டோபி, கிழிசல் வைத்தே விற்கிற விலையுயர்ந்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். விருந்தாளிகளை வரவேற்க மிஸ் கிரே சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார், எர்னியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும், தலைவலி," என்று திரும்பிப் போய்விட்டார். எதிரே இருந்த அவர் அறையின் கதவு சாத்திக்கொண்டது, கண்ணாடிக்குத் திரையும் விழுந்தது.

செத்தேன் என்று நினைத்தான் லயனல். சூட்டும் டையுமாகத் தொழிலாளியைக் கூட்டிவந்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது?

"உங்க முழுப்பேர் சொல்லுங்க," என்றாள் பெட்ரா.

"எர்னி கிளெக்."

"பையன் பேர் டோபி மேரிவேல் ஆச்சே?"

லயனல் பெயரைச் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தான். டோபி கூரையைப் பார்த்தான்.

எர்னிதான் நிதானமாகச் சொன்னார். "பிள்ளை பேர மாத்திக்கிச்சும்மா. கிளெக்குன்ற பேர வெச்சிகினு இந்த மாதிரி எடத்துல படி ஏற முடியுமா?"

பெட்ராவின் பேனா வேகமாக ஓடியது. "சின்ன வயசுல எப்படி?"

"எந்நேரமும் புஸ்தகம். போர்வைக்குள்ள டார்ச் லைட் வெச்சிகினு படிக்கும். பாட்டரி தீர்ந்துபோயிடும்னு நான் கப்பல்லேருந்து தினம் ரெண்டு பாட்டரி தூக்கிட்டு வந்துருவேன். திருட்டுதான். எழுதிக்கோ, பரவால்ல."

படம் எடுப்பவர் சிரித்தார். எர்னி சிரிக்கவில்லை.

"இவர் புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். பொம்பளைங்க உரிமை, பேங்கு, வியாபாரம், ஒண்ணு வுடல. ஒரு எழவும் புரியாது."

"இது இவரோட முதல் புத்தகம் இல்லையா?"

"அப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி!" என்று லயனல் நடுவில் பாய்ந்தான். "நுரையீரல்!"

எர்னி கடமைக்கு ஒருமுறை இருமினார்.

"வெளியீட்டு விழாவுக்கு நீங்க வரலையே?" என்றாள் பெட்ரா.

"கூப்பிடல."

டோபியின் காது சிவந்தது.

"தப்பு பிள்ளை மேல இல்லம்மா. ரயிலேத்தி வுடும்போது நான்தான் சொன்னேன். 'இந்த நாத்தத்துல கெடக்காத, போ. போனா திரும்பிப் பாக்காத'ன்னு." கிழவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். "சொன்ன பேச்ச கேக்கற பிள்ளை."

டோபி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். ஏழு வயதில் அவனை விடுதிப் பள்ளியில் தள்ளிவிட்டுப் படகேறிப் போன அப்பனை நினைத்துக்கொண்டானோ என்னவோ. எர்னி விரல் குறைந்த கையால் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அதைப் படம் எடுத்தவருக்கும் கண் கலங்கிவிட்டது.

பெட்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது உள்பக்கத்துல போடற விஷயமே இல்லை. அட்டைப்படம்! உங்க மேடத்தையும் கூப்பிடுங்க, மூணு பேரும் சேர்ந்து ஒரு படம்," என்றாள்.

லயனல் ஓடிப்போய்த் திரை போட்ட அறைக் கதவைத் தட்டினான். "மேடம், அட்டைப்படமாம்! நீங்களும் கிழவரும் டோபியும் ஒண்ணா நின்னா..."

"போவச் சொல்லு," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "அந்த ஆள மொதல்ல போவச் சொல்லு. பின்பக்கமா இட்டுகினு போ."

யார் பேசுவது என்று அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கோபம் வந்தால் மனுஷிக்குப் பேச்சே மாறிவிடுகிறது. நாற்காலி போயே போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, பெட்ராவிடம் மேடத்துக்குத் தலைவலி முற்றிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்து, கிழவரைப் பின்படி வழியாக இறக்கினான்.

கீழே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வந்ததும் விஸ்கியை நீட்டினான்.

"அது வேணாம். வூட்ல கொழந்தைங்க இருக்குன்னியே, வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"தெரியலைங்க. மேடத்துக்குக் கடுங்கோபம். அறையை விட்டே வரலை." லயனலுக்கு வெட்கமாக இருந்தது. "பாட்டிலாவது வாங்கிக்கங்க. பின்ன எதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

எர்னி டையைச் சரிசெய்துகொண்டு, நாலாவது மாடியில் திரை போட்ட ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"என் பொண்ணு வேல செய்யற எடத்த ஒரு தபா உள்ள வந்து பாக்கணும்னு இத்தன வருசமா ஆசை தம்பி. ஆபரேஷன் பண்ணும்போதே செத்துப்போன டாக்டர எவன் உள்ள வுடுவான்?"